பட்டம் வேறு, பதவி வேறு: பைசாந்திய அரண்மனையின் படிநிலைக் கணக்கு

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஈய முத்திரையை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர். நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. கடிதத்தைக் கட்டிய நூல் அதன் நடுத்துளையில் ஓடும். இடுக்கி போன்ற கருவியின் வாயில் வைத்து ஓங்கி அடித்தால் இரு பக்கமும் எழுத்து பதிந்து, நூலும் உள்ளே இறுகிவிடும். அதிலுள்ள வாசகம் பெரும்பாலும் இந்த அச்சில் இருக்கும்: "ஆண்டவரே, உம் அடியான் இன்னாருக்குத் துணை நில்லும், பேரரசின் புரோட்டோஸ்பதாரியோஸ், திராகேசியோன் மாகாணத்தின் ஸ்ட்ராதிகோஸ்." இப்படிப்பட்ட முத்திரைகள் பல்லாயிரம் கிடைத்திருக்கின்றன. வாஷிங்டனிலுள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தில் மட்டும் சுமார் 17,000 உள்ளன.

இரண்டு நீளமான கிரேக்கச் சொற்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்ப்பவர், இரண்டும் வேலையின் பெயர் என்றே எண்ணிவிடுவார். அங்கேதான் சறுக்கல். முதல் சொல் பட்டம், இரண்டாவது பதவி. ஸ்ட்ராதிகோஸ் என்றால் மாகாணப் படைத்தலைவர்; அது அவர் பார்க்கும் வேலை. புரோட்டோஸ்பதாரியோஸ் என்பதன் சொற்பொருள் 'முதல் வாளேந்தி'. ஆனால் அந்த மனிதர் வாளைத் தொட்டே இருக்க வேண்டியதில்லை. வரிக் கணக்கர், நீதிபதி, எந்த வேலையும் இல்லாத பணக்காரர் என யார் வேண்டுமானாலும் புரோட்டோஸ்பதாரியோஸ் ஆகலாம். அரண்மனை வரிசையில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார், ஆண்டுக்கு எவ்வளவு பொன் வாங்குகிறார் என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது.

இந்த ஒழுங்கைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஃபிலோதியோஸ். ஆறாம் லியோ ஆண்ட காலத்தில், 899இல், அரண்மனை விருந்துகளில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதற்காக அவர் எழுதிய கையேடுதான் கிளிதோரோலோகியோன். அவரே இந்த விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு: பட்டம் புரோட்டோஸ்பதாரியோஸ், பதவி அத்ரிக்லினிஸ், அதாவது விருந்து வரிசை அலுவலர். பட்டங்களை அவர் 'பரிசுச் சின்னத்தால் வருபவை' என்கிறார். பதவிகளை 'வாய்மொழியால் வருபவை' என்கிறார். பேரரசர் தம் கையால் ஒரு சின்னத்தைக் கொடுத்தால் பட்டம் வந்துவிடும்; சாதாரணமாக அது ஆயுள் முழுவதும் நிற்கும். பதவி அப்படியல்ல. வாய்ச்சொல்லால் வந்தது, இன்னொரு வாய்ச்சொல்லால் அடுத்தவருக்குப் போய்விடும். தமிழில் பட்டம், பதவி என்று தனித்தனிச் சொற்கள் கைவசம் இருப்பதால் நமக்கு இது எளிதில் பிடிபடுகிறது.

ஃபிலோதியோஸ் தரும் பட்டியலில் தாடியுள்ளோருக்கு 18 பட்டங்கள், விதைநீக்கப்பட்ட ஆண்களான அண்ணகர்களுக்கு 8, பதவிகள் 60. சின்னங்களைப் பார்த்தாலே படி எது என்று சொல்லிவிடலாம். கீழ்ப்படியிலுள்ள மந்தாதோருக்குச் சிவப்புக் கோல். கந்திதாதோஸுக்கு மூன்று முடிச்சுள்ள பொற்சங்கிலி. ஸ்ட்ராதோருக்கு மணி பதித்த பொற்சாட்டை. ஸ்பதாரியோஸுக்குப் பொன் கைப்பிடி வாள். புரோட்டோஸ்பதாரியோஸுக்குக் கழுத்தில் மணி இழைத்த பொன் வளையம். பத்ரிகியோஸுக்கு எழுத்துப் பொறித்த தந்தப் பலகை. மாகிஸ்த்ரோஸுக்குப் பொன் சரிகையிட்ட வெள்ளை அங்கி, மேலாடை, இடைவார். அதற்கும் மேலே மூன்று படிகள்: கூரோபலாதிஸ் சிவப்பு அங்கி, நோபெலிஸ்ஸிமோஸ் செவ்வூதா அங்கி, கைசர் சிலுவை இல்லாத முடி. இந்த மூன்றும் பெரும்பாலும் அரச குடும்பத்துக்கே.

மக்கள் பேசியது கிரேக்கம். தங்களை அழைத்துக்கொண்டது ரோமர் என்று. அதனால் பட்டப் பெயர்களில் பாதிக்கு மேல் கிரேக்க வாயில் புகுந்து உருமாறிய லத்தீன் சொற்கள். பத்ரிகியோஸ், மாகிஸ்த்ரோஸ், கந்திதாதோஸ் எல்லாம் பழைய ரோமிலிருந்து வந்தவை. ரோமில் ஆண்டுக்கு இருவராக இருந்து நாட்டை நடத்திய கான்சல் பதவி, இங்கே ஹிப்பதோஸ் என்ற பெயரில், நடுத்தரத்துக்கும் கீழான வெறும் பட்டமாக இறங்கிக் கிடந்தது.

பெண்களுக்கென்று தனியாக இருந்தது ஒரே பட்டம்தான்: சோஸ்தி பத்ரிகியா, 'இடைவார் அணிந்த பத்ரிகியா'. அரசியின் தலைமைத் தோழி அவர். மற்றப் பெண்கள் கணவரின் பட்டத்தைப் பெண்பாலாக்கிச் சூடிக்கொண்டார்கள்; புரோட்டோஸ்பதாரியோஸின் மனைவி புரோட்டோஸ்பதாரிஸ்ஸா. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் கீவ் நாட்டு அரசி ஓல்கா வந்தபோது, அரசியின் அவைக்குள் இந்தப் பெண்கள் ஏழு அணிகளாக, ஒவ்வோர் அணிக்கும் திரை விலக்கி, படிப்படியாக உள்ளே விடப்பட்டார்கள். சோஸ்தி முதல் அணியில்; ஸ்பதாரியோஸ், ஸ்ட்ராதோர், கந்திதாதோஸ் பட்டக்காரர்களின் மனைவியர் ஏழாவதில்.

விருந்துப் பந்தி

பந்தியில் யார் முந்தி என்பது எந்த ஊரிலும் சண்டை மூட்டும் விஷயம். கான்ஸ்டான்டிநோபிளில் அது அரசியல். கிறிஸ்துமஸ் காலத்தில் பத்தொன்பது மஞ்சங்கள் என்ற பெயருடைய மண்டபத்தில் விருந்து நடக்கும். மேசைக்குப் பன்னிரண்டு பேர், மொத்தம் 228. பழைய ரோமானிய முறைப்படி சாய்ந்து படுத்தபடியேதான் உண்பார்கள். கிறிஸ்துமஸ் நாள் பந்தியில் பெரிய பட்டக்காரர்களோடு, சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட 24 அரபுக் கைதிகளுக்கும் 12 ஏழைகளுக்கும் இடம் உண்டு. பழத் தட்டுகளைக் கையால் தூக்க முடியாது. அத்தனை கனமான பொற்பாத்திரங்கள் வண்டியில் வரும். கூரைத் துளை வழியாகப் பொன்முலாம் பூசிய தோல் சுற்றிய கயிறு இறங்கும். பாத்திரத்தை அதில் மாட்டி மேலேற்றி மேசையில் வைப்பார்கள். இதை நேரில் கண்டு எழுதியவர் லியுட்பிரான்ட் என்ற இத்தாலியத் தூதர்.

அத்ரிக்லினிஸ் கையில் பட்டியலோடு நின்று, ஒவ்வொருவரையும் உரிய வரிசையில் அழைக்க வேண்டும். வரிசையைக் கணிக்கும் முறை இது. முதலில் பட்டம்: மாகிஸ்த்ரோஸ் பத்ரிகியோஸுக்கு முன்னால். இருவர் பட்டமும் ஒன்றானால், பதவி உள்ளவர் பதவி இல்லாதவருக்கு முன்னால். இருவருக்கும் பதவி இருந்தால் பதவிகளின் தனி வரிசையைப் பார்க்க வேண்டும். அதில் ஆசியா மைனரின் அனதோலிகோன் மாகாண ஸ்ட்ராதிகோஸ் மற்ற எல்லாப் படைத்தலைவர்களுக்கும் மேல். இருவருக்கும் பதவி இல்லையென்றால், யார் முதலில் பட்டம் பெற்றார் என்ற நாள் கணக்கு. வெளிநாட்டுத் தூதர், மதகுருக்கள், அண்ணகர் வரிசை ஆகியவை இதற்குள் நடுநடுவே செருகப்படும். நேற்று பட்டம் உயர்ந்தவரை இன்று பழைய இடத்தில் அழைத்துவிட்டால் போயிற்று. வரிசை பிசகினால் பேரரசின் பட்டங்களுக்கும் இழிவு, எங்களுக்கும் நகைப்பு என்று ஃபிலோதியோஸ் முன்னுரையிலேயே எச்சரிக்கிறார்.

அந்த நகைப்பு எப்படி வரும் என்பதற்கு 968இல் நடந்தது சான்று. அதே லியுட்பிரான்ட், இப்போது இத்தாலியின் கிரமோனாவுக்கு ஆயராகவும் மேற்கின் பேரரசர் முதலாம் ஓட்டோவின் தூதராகவும் திரும்பி வந்திருந்தார். ஒரு விருந்தில் பல்கேரியத் தூதரைத் தமக்கு மேலே உட்கார வைத்ததைக் கண்டு கொதித்துப் பந்தியை விட்டு எழுந்தார். பேரரசரின் தம்பி லியோ கூரோபலாதிஸ் பின்னாலேயே வந்து விளக்கம் சொன்னார்: பல்கேரிய அரசர் பேதர் எங்கள் அரச குலப் பெண்ணை மணந்தபோது, பல்கேரியத் தூதருக்கே முதலிடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் திருமணம் நடந்தது 927இல். நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒப்பந்தத்தைப் பந்தி வரிசை மறக்கவில்லை. லியுட்பிரான்டைத் தங்குமிடத்துக்கு அனுப்பாமல், பேரரசரின் பணியாட்களோடு சத்திரத்தில் சாப்பிட வைத்தார்கள். சமாதானத்துக்குப் பேரரசர் நிகிபோரோஸ் தம் உணவிலிருந்தே பூண்டும் வெங்காயமும் அடைத்து மீன் சாற்றில் தோய்த்த ஆட்டுக்குட்டியை அனுப்பினார். லியுட்பிரான்ட் அதையும் கேலியாகத்தான் எழுதிவைத்தார்.

பொன் மூட்டை

பட்டத்துக்கு ஆண்டுதோறும் பேரரசர் கொடுத்த பொன்னுக்கு ரோகா என்று பெயர். கணக்கு லித்ராவில். ஒரு லித்ரா பொன்னில் 72 நோமிஸ்மா நாணயங்கள் அடிப்பார்கள். எடை ஏறக்குறைய 320 கிராம். நம் ஊர்க் கணக்கில் ஒரு லித்ரா சுமார் 40 பவுன்.

950இல், ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறை ஒட்டிய நாள்களில், லியுட்பிரான்ட் இந்தப் பட்டுவாடாவைப் பார்த்தார். பத்து முழ நீளம், நான்கு முழ அகலமுள்ள மேசை. அதன் மேல் நாணய மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் தொகை எழுதியிருந்தது. முதலில் அரண்மனை மேலாளர். அவருக்கான மூட்டையைக் கையில் தரவில்லை, தோளில் ஏற்றினார்கள். கூடவே நான்கு பட்டு அங்கிகள். அடுத்து தரைப்படைத் தலைவரும் கடற்படைத் தலைவரும். இருவருக்கும் சமப் பங்கு. தோள் தாங்காத கனம், உதவியாளர்களோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு 24 மாகிஸ்த்ரோஸ்கள், தலைக்கு 24 லித்ரா என்கிறார் அவர். அதாவது ஒவ்வொருவருக்கும் 1,728 நாணயம்; ஏறக்குறைய 960 பவுன். பத்ரிகியோஸ்களுக்குப் பன்னிரண்டு. அதற்குக் கீழே ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி ஒன்று வரை. இது முடிய மூன்று நாள் பிடித்தது. ஒரு லித்ராவுக்குக் குறைவாக வாங்குவோருக்குப் பேரரசர் கையால் கிடையாது. அடுத்த வாரத்தில் பேரரசரின் படுக்கையறைக் காவலரான பராகிமோமெனோஸ் கொடுப்பார்.

பேரரசர் கையால் நேராகக் கொடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இவ்வளவு பொன்னைக் கருவூல எழுத்தர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கலாம். ஆனால் வரிசையில் நின்று, பெயர் அழைக்கப்பட்டு, எல்லோர் கண் முன்னாலும் தோளில் சுமந்து வெளியே போகும்போது, யார் கையிலிருந்து வந்தது என்பது ஆண்டு முழுக்க மறக்காது. ரோகா போக, பதவிக்குத் தனிச் சம்பளமும் உண்டு. ஆறாம் லியோ காலத்தில் அனதோலிகோன், அர்மெனியாகோன், திராகேசியோன் ஸ்ட்ராதிகோஸ்களுக்கு 40 லித்ரா. அடுத்த நிலைக்கு 30. பிறகு 20, 10. மேற்கு மாகாணங்களின் தலைவர்களுக்குக் கருவூலத்திலிருந்து எதுவும் வராது. தங்கள் மாகாண வருவாயிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டத்தை விலைக்கும் வாங்கலாம். இதை நாம் நினைக்கும் லஞ்சத்தோடு சேர்க்க வேண்டாம், விலைப்பட்டியலே இருந்தது. எல்லாப் பட்டமும் விற்பனைக்கு வராது, புரோட்டோஸ்பதாரியோஸ் வரைதான். அதற்கு 12 லித்ராவுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்; ஆண்டு ரோகா ஒரு லித்ரா. மாகிஸ்த்ரோஸ், பத்ரிகியோஸ் பட்டங்களைப் பணம் தொடாது. போட்ட முதல் திரும்பாது, பிள்ளைகளுக்குப் போகாது, வாங்கியவர் இறந்தால் ரோகாவும் நின்றுவிடும். ஆயுள் முழுக்க வரும் வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் பட்டமேற்கும் நாளில் அரண்மனைப் பணியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய மாமூல் வேறு. யாருக்கு எத்தனை நாணயம் என்பதையும் ஃபிலோதியோஸ் விடாமல் எழுதியிருக்கிறார்.

வட்டிக் கணக்குப் பார்த்தால் இதில் பெரிய லாபம் இல்லை. மதிப்புக்காகவே வாங்கினார்கள் என்பதற்கு க்தேனாஸின் கதையே போதும். ஆறாம் லியோ காலத்தில் வாழ்ந்த வயதான குருமார்களில் ஒருவர் அவர். நன்றாகப் பாடுவார், பணமும் உண்டு. புரோட்டோஸ்பதாரியோஸ் அங்கியைப் போட்டுக்கொண்டு அரண்மனையின் லவுசியாகோஸ் மண்டபத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை. 40 லித்ரா தருகிறேன் என்றார். குருமாருக்கு அந்தப் பட்டமா என்று பேரரசர் மறுத்துவிட்டார். பராகிமோமெனோஸ் சமோனாஸைப் பிடித்தார் க்தேனாஸ். 10 லித்ரா பெறுமான காதணி ஒரு ஜோடி, பொன் விலங்குருவங்கள் பதித்த இன்னொரு 10 லித்ரா வெள்ளி மேசை ஆகியவை மேலே சேர்ந்தன. பட்டம் கிடைத்தது. மொத்தச் செலவு 60 லித்ரா, நம் கணக்கில் 2,400 பவுன். அதற்குப் பிறகு அவர் இரண்டே ஆண்டு உயிரோடு இருந்தார். இரண்டு லித்ரா, அதாவது 80 பவுன் திரும்பி வந்தது. பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்காகத் தொகுத்த அரசியல் குறிப்புகளில் இது இடம்பெற்றிருக்கிறது.

தாடி இல்லாதவர்கள்

சமோனாஸ் ஓர் அண்ணகர். அரபு நாட்டிலிருந்து வந்தவர். பராகிமோமெனோஸ் என்றால் 'அருகே உறங்குபவர்'. பேரரசரின் படுக்கையறைக் காவல் அவருடையது. மாகாணம் எதையும் ஆளவில்லை, படை எதையும் நடத்தவில்லை. ஆனாலும் பேரரசரிடம் இரவிலும் பேசக்கூடியவர் அவர் ஒருவரே என்பதால் அமைச்சர்களும் அவர் தயவை நாடினார்கள். வீட்டுக்குள் நுழைய வாசல்காரர் தயவு வேண்டும் என்பது போலத்தான். வாசல்காரருக்கும் அங்கே தனிப் பெயர் உண்டு: பாப்பியாஸ். சாவிக் கொத்து அவரிடம். காலையில் கதவுகளைத் திறப்பதும் அவரே; அலுவல் நேரம் முடிந்ததும் சாவிகளைக் குலுக்கி ஓசை எழுப்புவதும் அவரே. அது கேட்டால் எல்லோரும் கலைந்து போக வேண்டும்.

அண்ணகர்களை நம்பியதற்குக் காரணம் நேரடியானது. உடலில் குறையுள்ளவர் அரியணை ஏற முடியாது. செல்வாக்கை விட்டுச்செல்லப் பிள்ளையும் இருக்காது. நகர ஆளுநர், குவேஸ்தோர் என்ற சட்ட அதிகாரி, காவல்படைத் தளபதிகள் ஆகிய சில பதவிகள் தவிர மற்ற எல்லாம் அவர்களுக்குத் திறந்திருந்தன. விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் மிக்கேல் அனுபவித்தார். அண்ணகர் அல்லாத தன் தோழன் பசிலியோஸைப் பராகிமோமெனோஸ் ஆக்கினார். 866இல் இணையரசராகவும் உயர்த்தினார். மறு ஆண்டு மிக்கேல் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். பசிலியோஸ் புதிய வம்சத்தைத் தொடங்கினார். அதன் பிறகு வந்த பராகிமோமெனோஸ்களில் மிகப் பெயர்பெற்றவர், பேரரசர் ரோமனோஸ் லெக்கபெனோஸுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்து விதைநீக்கப்பட்ட இன்னொரு பசிலியோஸ். 963இல் அவருக்காகவே புரோயெத்ரோஸ் என்ற புதுப் பட்டம் உருவானது. பல பேரரசர்கள் மாறியும் அவர் நிலைத்தார். 985இல்தான் பதவி பறிபோனது.

பெருகிச் செத்த பட்டங்கள்

ரோகாவின் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருந்தது. விற்ற பட்டமோ சும்மா கொடுத்த பட்டமோ, கருவூலத்துக்கு அது ஆண்டுதோறும் திரும்பி வரும் கடன். 11ஆம் நூற்றாண்டில் பேரரசர்கள் குறுகிய காலமே ஆண்டார்கள். ஆதரவு திரட்ட ஆளுக்கொரு பட்டம் என்று வாரி வழங்கினார்கள். ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் தகுதி பாராமல் செனட் வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் மிக்கேல் செல்லோஸ் குறைப்பட்டிருக்கிறார். வெளிநாட்டவருக்கும் இதுவே கருவி. 1074இல் ஏழாம் மிக்கேல், தென்னித்தாலியை வென்ற நார்மன் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டோடு செய்த ஒப்பந்தத்தில், அவர் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொள்ள 44 பட்டங்களை எழுதிக் கொடுத்தார்; ஆண்டு ரோகா மொத்தம் 200 லித்ரா.

எல்லோரும் பத்ரிகியோஸ் ஆனால் பத்ரிகியோஸுக்கு மதிப்பில்லை. அதனால் சொல்லின் முன்னால் 'முதல்' என்று பொருள்படும் புரோட்டோவும், பின்னால் 'மிக உயர்ந்த' என்று பொருள்படும் ஹிப்பெர்தாதோஸும் ஒட்டத் தொடங்கின. புரோட்டோபுரோயெத்ரோஸ், புரோட்டோகூரோபலாதிஸ், கடைசியில் புரோட்டோநோபெலிஸ்ஸிமோஹிப்பெர்தாதோஸ் வரை போயிற்று. அதே நேரத்தில் நோமிஸ்மாவில் பொன் குறைந்துகொண்டே வந்தது. 1078 முதல் 1081 வரை ஆண்ட நிகிபோரோஸ் வொத்தனியாதிஸ் அளவில்லாமல் பட்டம் வழங்கியதில், ரோகா கொடுக்கவே வழியில்லாமல் நின்றுபோனது.

1081இல் வந்த அலெக்ஸியோஸ் கொம்னினோஸ் பழைய ஏணியைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. அதன் மேல் வேறொரு ஏணியைச் சாத்தினார். அவருக்கு ஒரு சிக்கல்: அரியணைக்குப் போட்டியிட்ட சகோதரியின் கணவர் மெலிஸ்ஸினோஸுக்குக் கைசர் பட்டம் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. சொந்த அண்ணன் ஈசாக்குக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும். செவாஸ்தோஸ், அவ்தோக்ரதோர் என்ற இரு பேரரசப் பெயர்களை இணைத்து செவாஸ்தோக்ரதோர் என்று புதிதாக ஒன்றைச் செய்தார். இன்னொரு சகோதரியின் கணவருக்குப் பன்ஹிப்பெர்செவாஸ்தோஸ். இனிமேல் செவாஸ்தோஸ் என்ற வேர்ச்சொல் பட்டத்தில் இருந்தால், ஆள் பெரும்பாலும் அரச குடும்பத்து உறவு என்று புரிந்துகொள்ளலாம். உறவுமுறையே படிநிலை ஆனது. பொன் மூட்டைக்குப் பதிலாக நிலமும் வரி வருவாயும் கைமாறின. அந்தப் புதிய வரிசைக்குக் கீழே விழுந்த பழைய பட்டங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. 900இல் கழுத்தில் மணி வளையத்தோடு நின்ற புரோட்டோஸ்பதாரியோஸ், 1100க்குப் பிறகு ஏடுகளில் அரிதாகிவிடுகிறார்.

இதனால்தான் பட்டத்தைப் படிக்கும்போது நூற்றாண்டைப் பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது. புரோட்டோவெஸ்தியாரியோஸ் என்ற சொல் 900இல் பேரரசரின் ஆடை அறையைப் பார்க்கும் அண்ணகரைக் குறிக்கும். 1300இல் அதே சொல் நாட்டின் மிக உயர்ந்த பிரபுக்களில் ஒருவரைக் குறிக்கும். ஆடை அறைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பராகிமோமெனோஸும் அப்படியே: 1320களில் அந்தப் பட்டத்தோடு இருந்த அலெக்ஸியோஸ் அபோகவ்கோஸ் அண்ணகர் அல்ல, பின்னாளில் கடற்படைத் தலைவராகி, 1345இல் தான் கட்டிய சிறையிலேயே கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டவர்.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்ட ஒரு பதவிக் கையேடு கிடைத்திருக்கிறது. ஃபிலோதியோஸ் போல அதுவும் வரிசையைத்தான் சொல்கிறது. ஆனால் அடையாளச் சின்னமாக அதில் தந்தப் பலகையும் பொற்சாட்டையும் இல்லை; ஒவ்வொருவருக்கும் எந்த நிறத் தொப்பி, எந்தச் சரிகை, கையில் எந்தக் கோல் என்ற விவரமே பக்கம் பக்கமாய் ஓடுகிறது. இஸ்தான்புல்லில் முன்பு கோரா தேவாலயமாக இருந்த கட்டடத்தில், அதைப் புதுப்பித்த தெயோதோரோஸ் மெதோகிதிஸ் மண்டியிட்டு நிற்கும் மொசைக்கைப் பார்த்தால், அந்தத் தொப்பிகள் எவ்வளவு பெரியவை என்பது தெரியும். பதவி வரிசை நீளமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் பேரரசின் தபாலையும் தூதர்களையும் கவனித்து, தினமும் காலையில் பேரரசர் முதலில் கூப்பிட்டனுப்பிய லொகோதெதிஸ் உட்படப் பலரின் பெயருக்கு எதிரே, இப்போது இவருக்குப் பணி எதுவும் இல்லை என்று அந்தக் கையேடு எழுதிவிட்டு அடுத்தவரின் தொப்பிக்குப் போய்விடுகிறது.